முதல் குற்றம், வயதான தாயார்

ஆசிரியர் அறையின் ஐஸ் பெட்டியில் வைத்திருந்த என் தயிர்ச் சோற்றைக் கணக்கியல் விரிவுரையாளர் தின்றுகொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். கையில் என் டப்பா, மீசையில் என் தயிர். இதைவிடத் தெளிவான குற்றம் உலகத்தில் நடந்திருக்காது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தேன். என் வாயைப் பற்றி எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

அப்போது மூலை மேசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். அன்று காலைதான் வேலையில் சேர்ந்திருந்தார். அவர் வலது கையைத் தொண்டைக்குக் கொண்டுபோய் டையைச் சரிசெய்தார். அவர் டை கட்டியிருக்கவில்லை.

"டீச்சர், இவர் சார்பா ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்று கேட்டார். நான் சரி என்று சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். இது இவருக்கு முதல் குற்றம். வீட்டில் வயதான தாயார் இருக்கிறார். காலையில் பசியாறாமல் வந்திருக்கிறார். செய்ததை மறுக்காமல் முதல் வாய்ப்பிலேயே ஒத்துக்கொண்டு நம் எல்லாருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தியிருக்கிறார். கணக்கியலார் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வாய் நிறையச் சோறு இருந்ததால் மறுக்கவும் முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டு டப்பா தயிர்ச் சோறு கொண்டுபோனேன், ஒன்று கணக்கியலாருக்கு. அவரைத் திட்ட மறந்துவிட்டேன் என்பது அன்று மாலை பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்படித்தான் லாயர் சார் எங்களுக்கு அறிமுகமானார். பெயர் வேண்டாம். கிள்ளானில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிடும், மீதிப் பேருக்கு அவர் எப்போதாவது வாதாடியிருப்பார். இருபது வருடத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றவியல் வழக்குகள் பார்த்துவிட்டு, ஒருநாள் அலுவலகத்தை மூடிச் சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கள் தனியார் கல்லூரிக்குக் குற்றவியல் நீதி பாடம் நடத்த வந்துவிட்டார். கல்லூரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பூக்கடைக்கு மேலே இரண்டு மாடி, ஒரு லிஃப்ட், அதுவும் பாதி நாள் ஓடாது. குள்ளமான மனிதர், இடுப்பில் தொளதொள சிலுவார், தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். கோர்ட்டு வாழ்க்கையின் மிச்சமாக அவரிடம் இருந்தது காலில் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து மட்டும். அதில் குனிந்து பார்த்தால் தலை சீவிக்கொள்ளலாம்.

கோர்ட்டில் நடப்பதை அவரே எனக்குச் சொல்லித்தந்தார். குற்றச்சாட்டைப் படித்துக்காட்டியதும் மொழிபெயர்ப்பாளர் ஒரு கேள்வி கேட்பார். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா, மெங்காக்கு சாலாவா? இல்லை, விசாரணை கேட்கிறாயா, மிந்தா பிச்சாராவா? ஒத்துக்கொண்டால் விசாரணை கிடையாது. வக்கீல் எழுந்து தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாடலாம். அதற்குப் பெயர் மிட்டிகேஷன். அதுதான் லாயர் சாரின் கோட்டை. அவர் எழுந்து முதல் குற்றம், வயதான தாயார் என்று தொடங்கினால் மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாராம்.

இது தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் அவர் கை தொண்டைக்குப் போய்விடும். ஒருநாள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நான் சீனி குறைத்துக் கேட்ட தே தாரிக் தேநீரைப் பாயசமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பரிமாறிய இளைஞன் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த புதிய ஆள். நான் ஆரம்பித்தேன். லாயர் சார் எழுந்தார். ஊர்விட்டு ஊர் வந்த பையன், மொழி புதிது, அங்கே வயதான தாயார் இவன் அனுப்பும் காசுக்காக வழி பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் அடுக்க, பக்கத்து மேசைகளெல்லாம் கையில் எடுத்த சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தன.

அந்த இளைஞனே குழம்பிப்போய், "அண்ணே, எங்க அம்மா செத்துப் பல வருசம் ஆச்சுண்ணே" என்றான்.

லாயர் சார் கொஞ்சமும் அசையவில்லை. "அப்ப இன்னும் பாவம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் அந்தப் பாயசத்தைக் குடித்தேன்.

வகுப்பில் அவர் தண்டனைக் கோட்பாடுகளை நடத்தினார். மாணவர்கள் கற்றுக்கொண்டது மன்றாட்டை. பகலில் படித்து இரவில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்ப்பவர்கள், வக்கீல் அலுவலகக் குமாஸ்தாக்கள், பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு வந்த பொடிசுகள் எல்லாரும் அந்த வகுப்பில் இருந்தார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் என் ஆங்கில வகுப்புக்குத் தாமதமாக வரும் ஒவ்வொரு தடியனும் வாசலில் நின்று கழுத்தைத் தொட்டு, "மிஸ், ஃபர்ஸ்ட் அஃபென்ஸ்" என்று சொல்லத் தொடங்கினான். வீட்டுப்பாடம் செய்யாதவனுக்குத் தாயார் திடீரென்று கிழவியானார். ஒருத்தியின் பாட்டி அந்தப் பருவத்தில் மட்டும் மூன்று முறை காலமானார்.

அவரால் யாரையும் தேர்வில் தவறவைக்க முடியவில்லை. அவர் திருத்திய தாள்களைப் பார்த்திருக்கிறேன். தவறான விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'இரவு வேலை முடித்து வந்து எழுதியிருக்கிறார், கருணை காட்டலாம்' என்று இருக்கும். கீழே மதிப்பெண் ஏறியிருக்கும். ஒரு பையன் கடைசிப் பக்கத்தில் 'சாரி சார்' என்று எழுதியதற்கு, மனம் வருந்தியதற்காக இரண்டு மதிப்பெண்.

"யார்கிட்ட கருணை கேக்குறீங்க? நீங்கதானே மார்க் போடுறீங்க?" என்று நான் கேட்டேன்.

"அதான் டீச்சர் சிரமமா இருக்கு" என்றார். "கோர்ட்ல மேல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. இங்க திரும்பிப் பாத்தா அந்த நாற்காலியிலயும் நான்தான் இருக்கேன்."

டீனுக்கு இது பிடிக்கவில்லை. டீன் அம்மாள் நியாயமான பெண்மணி, சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். எல்லாரும் தேறும் பாடத்தை எந்தத் தணிக்கைக் குழுவும் நம்பாது என்று லாயர் சாரைக் கூப்பிட்டு இரண்டு முறை சொல்லியிருந்தார். அவரது ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அதையும் நினைவூட்டியிருந்தார்.

சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு அவர் கதையின் இன்னொரு பக்கம் தெரிந்தது கிள்ளானில்தான். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனவள், லிட்டில் இந்தியாவில் அவரைப் பார்த்தேன். இருவருமாகக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அங்கே இருந்த பழைய வக்கீல் நண்பர்கள் இருவர், "வந்துட்டாருய்யா மெங்காக்கு சாலா" என்று வரவேற்றார்கள். இருபது வருடத்தில் ஒரு வழக்கைக்கூட முழுசாக விசாரணைக்குக் கொண்டுபோகாத மனிதர் என்று அவர்கள் எனக்கு விளக்கினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். லோரியில் சாமான் ஏற்றி இறக்குபவர் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. லாயர் சாரைக் கண்டதும் முகமெல்லாம் பல். கட்டாயப்படுத்தி எங்கள் இருவருக்கும் கோப்பியும் வடையும் வாங்கிக்கொடுத்தார். "சார் அன்னிக்குப் பேசுனது இன்னும் காதுலயே இருக்குக்கா. எங்கம்மாகூட எனக்காக அப்படிப் பேசுனதில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பெருமையாகத் திரும்பினால், லாயர் சார் வடையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆள் போன பிறகு அவரே சொன்னார். மளிகைக்கடையில் கேஸ் தோங், அதாவது சிலிண்டர், ஒன்று காணாமல்போன வழக்கு அது. நான் எடுக்கவில்லை என்று அந்த ஆள் கோர்ட்டு வாசலில் சொல்லியிருக்கிறார். லாயர் சாருக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. விசாரணை என்றால் மாதக்கணக்கில் இழுக்கும், ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் சம்பளம் போகும், ஒத்துக்கொள், நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பேசினார். அபராதத்தோடு முடிந்தது. கொஞ்ச நாளில் தோங்கை எடுத்தது கடைக்காரரின் மைத்துனர்தான் என்று தெரியவந்தது. ஆனால் இந்த ஆளின் பெயரில் திருட்டுக் குற்றம் பதிவாகிவிட்டது. துறைமுகத்தில் கிடைக்கவிருந்த நிரந்தர வேலை அதனால் போனது.

"அவன் என்னை ஒரு அறை அறைஞ்சிருந்தா நான் இன்னும் கோர்ட்லதான் இருந்திருப்பேன் டீச்சர்" என்றார். "பாக்கும்போதெல்லாம் கோப்பி வாங்கித் தரான். அதைத்தான் தாங்க முடியல."

அவருடைய வடையையும் நானே தின்றேன்.

இனி விமலா. கிள்ளானில் ஒரு பேரங்காடியில் ஜாகாக்களுக்கு மேற்பார்வையாளர். இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவாள். இரண்டு பிள்ளைகள், கணவன் இல்லை. டிப்ளோமா இருந்தால் பாதுகாப்பு அதிகாரியாகலாம், பகல் வேலை கிடைக்கும், பிள்ளைகளோடு இரவில் வீட்டில் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வகுப்பிலேயே தாயாரை இழுக்காத ஒரே ஆள் அவள்தான். தாமதமானால் தாமதம் என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வாள்.

குற்றவியல் நீதித் தேர்வு நடந்த அன்று காலை நல்ல மழை. லாயர் சார் தலைமைக் கண்காணிப்பாளர், நான் துணை. ஒன்பது மணிக்குத் தேர்வு. ஒரு மாணவன் காலில் ஜப்பான் செலிப்பாரோடு, ரப்பர் செருப்போடு, வந்து நின்றான், சப்பாத்து மழையில் நனைந்துவிட்டதாம். தேர்வறைக்குள் செலிப்பார் கூடாது என்பது விதி. வெளியே போ என்றேன் நான். லாயர் சாரின் கை தொண்டைக்குப் போனது. வினாத்தாளைக் கவிழ்த்துவைத்து, பேனாவை விரலில் பிடித்து, மொத்த வகுப்பும் காத்திருக்க, அவர் என் முன்னால் அந்தப் பையனுக்காக மன்றாடினார். நான் மசியவில்லை. கடைசியில் தன் கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். அவன் குதிகால் பாதி வெளியே தொங்க உள்ளே போனான். லாயர் சார் அவனுடைய செலிப்பாரை மாட்டிக்கொண்டு, சளக் சளக்கென்று சத்தம் வர, தேர்வு முடியும்வரை அறையைச் சுற்றிவந்தார்.

ஒன்பது நாற்பதுக்கு விமலா வந்தாள். கொமுட்டர் ரயில் மழையில் நடுவழியில் நின்றுவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லாயர் சார் பேசாமல் ஒரு நாற்காலியைக் காட்டினார். அன்று எனக்கும் அவளைத் திருப்பியனுப்பத் தெம்பில்லை.

தேர்வு தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பிறகு வருபவரை விடக் கூடாது. கீழே முகப்பில் அவள் கையெழுத்துப் போட்ட நேரத்தைப் பார்த்துத் தேர்வுப் பிரிவுத் தலைவர் புகார் கொடுத்துவிட்டார். விதிமீறல் என்று முடிவானால் தாள் செல்லாது. அவள் அந்தப் பருவம் முழுவதையும் மறுபடி கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். மேற்பார்வையாளர் சம்பளத்தில் அது நடக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒழுங்கு விசாரணைக்கு டீன், தேர்வுப் பிரிவுத் தலைவர், லாயர் சார், விமலா ஆகியோர் கூடினார்கள். குறிப்பெடுக்க நான். டீன் நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பித்தார். இருவரும் தவறை ஒத்துக்கொண்டால் லாயர் சாருக்கு ஓர் அறிவுரைக் கடிதத்தோடு முடித்துவிடலாம், மாணவியின் தாள்தான் போகும், கட்டணத்தில் ஏதாவது சலுகை கேட்டுப் பார்க்கலாம் என்றார். பிறகு விமலாவைப் பார்த்து, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.

லாயர் சார் எழுந்துவிட்டிருந்தார். கை தொண்டையில் இருந்தது. பேச்சு தயாராக இருந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் காலையில் ரயிலில் எழுதியதை எனக்குப் படித்துக்காட்டியிருந்தார். அருமையான பேச்சு, எனக்கே கண் கலங்கியது.

விமலா அவரை நம்பிக்கையோடு பார்த்தாள். "ஒத்துக்கிறேன் டாக்டர்" என்றாள். "சார் பேசுவாரு. சார் நல்லா பேசுவாரு."

அவர் கை தொண்டையிலேயே நின்றுவிட்டது. எனக்குச் சட்டென்று கிள்ளான் கோப்பிக் கடையும் தொடாத வடையும் நினைவுக்கு வந்தன. அவர் கையைக் கீழே இறக்கினார்.

"அவ ஒத்துக்கல" என்றார். "மிந்தா பிச்சாரா."

டீன் நிமிர்ந்து பார்த்தார். "இது கோர்ட் இல்ல சார்."

"தெரியும் டாக்டர். கோர்ட்ல நான் இதைச் சொன்னதே இல்ல."

கேட்டுவிட்டாரே தவிர, அடுத்து என்ன செய்வதென்று மனிதருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ஒரு சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாதவர். தேர்வுப் பிரிவுத் தலைவரிடம் திரும்பி, மிகுந்த கண்டிப்போடு, "நீங்க அன்னிக்குக் காலையில பசியாறினீங்களா?" என்று கேட்டார். அவர் திகைத்துப்போய், ரோட்டி சானாய் இரண்டு என்றார். லாயர் சார் அதைக் குறித்துக்கொண்டார். ஏன் கேட்டார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பிறகு டீனே கேட்டார், அன்று ஏன் செலிப்பாரோடு கண்காணித்தீர்கள் என்று. லாயர் சாருக்கு அது ஆபத்தான கேள்வியாகப் பட்டது. உதவிக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர் சாட்சி. அந்தப் பையனுக்காக நான் ரெண்டு வார்த்தைதான் பேசுனேன். இல்லையா டீச்சர்?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். சாட்சி என்று வந்துவிட்டால் பொய் சொல்ல முடியுமா?

"ரெண்டு வார்த்தையா? கால் மணி நேரம் பேசுனீங்க லா. புள்ளைங்க எல்லாம் கொஸ்டின் பேப்பரைத் தொடாம உங்க வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. ஒன்பதே காலுக்குத்தான் ஆரம்பிச்சோம்."

ஒவ்வொருவராக மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். முதலில் போட்டு முடித்தவர் புகார் கொடுத்த தேர்வுப் பிரிவுத் தலைவர்தான், அதை மறைக்கவும் இல்லை. ஒன்பதே காலிலிருந்து எண்ணினால் அந்தப் பிள்ளை அரை மணி நேரத்துக்குள்தான் வந்திருக்கிறாள் என்றார். கடைசியாகப் புரிந்துகொண்டவர் லாயர் சார். அவர் முகம் அப்போது போன போக்கை என்னால் மறக்க முடியாது. வாழ்க்கையில் முதன்முறை ஒரு வழக்கில் ஜெயித்திருக்கிறார், எப்படி ஜெயித்தார் என்று தெரியவில்லை.

டீன் விமலாவிடம் தாள் செல்லும், நீ போகலாம் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். அப்படியானால் தேர்வைத் தாமதமாகத் தொடங்கியது உங்கள் குற்றம், ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருக்கிறேன், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

"ஆமா டாக்டர். மெங்காக்கு சாலா" என்றார் அவர்.

"ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லையாம். ஊரில் உள்ள கள்ளனுக்கெல்லாம் பேசியவருக்குத் தனக்குப் பேச ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. நான் எழுந்து நின்றேன். என் கை தானாகத் தொண்டைக்குப் போனது, அங்கே இருந்தது தாலிக்கொடி.

"டாக்டர், இவர் சார்பா ரெண்டு வார்த்தை" என்றேன். "இது முதல் குத்தம்..."

"மூணாவது" என்று டீன் சொன்னார்.

"மூணாவது குத்தம். முதல் வாய்ப்பிலேயே ஒத்துக்கிட்டு உங்க நேரத்தை மிச்சப்படுத்தியிருக்காரு. வயசான தாயார் இருக்காங்க."

லாயர் சார் பக்கத்திலிருந்து மெல்ல என் புடவையை இழுத்தார். "டீச்சர், அம்மா தவறிட்டாங்க."

"அப்ப இன்னும் பாவம் டாக்டர்" என்றேன்.

டீன் குனிந்து மேசையில் எதையோ தேடினார். தோள் இரண்டும் குலுங்கின. எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. ஒப்பந்தத்தையும் பிறகு புதுப்பித்தார்கள். தேர்வறைக்குள் அவர் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் போட்டார்கள்.

தாள்களைத் திருத்த இந்த முறை அவருக்கு வெகுநாள் பிடித்தது. முடிவு வந்த அன்று விமலா ஆசிரியர் அறைக்கு வந்தாள். அவள் தேறவில்லை. லாயர் சார் கையால் தவறிய முதல் ஆள் அவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா அந்தப் பாடுபட்டோம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், மறுதேர்வு அடுத்த மாதம் இருக்கிறது, தாள் செல்லாமல் போனவர்களுக்குத்தான் அது கிடையாது, தவறியவர்கள் எழுதலாம், பருவம் மறுபடி படிக்கத் தேவையில்லை என்று அவர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கேள்வியில் எங்கே சறுக்கினாள் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு தாளை வாங்கி முதலிலிருந்து புரட்டினாள். ஓரங்களில் சிவப்பு மை இருந்தது, பிழைகளைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. இரவு வேலை இல்லை, கருணை இல்லை.

"சார்" என்றாள், தயங்கித் தயங்கி. "இதுல எனக்காக நீங்க ஒண்ணுமே பேசலயே."

"எதுக்கும்மா பேசணும்?" என்றார் அவர். "நீ குத்தவாளி இல்லையே."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுதேர்வு எந்த அறையில் என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன். சப்பாத்து போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.